கல்வெட்டு வைக்க முடியாத நன்கொடை

தலைவர் அவர்களுக்கும், வணிகர் சங்க நண்பர்களுக்கும், வந்திருக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

நான் பணம் கேட்கத்தான் வந்திருக்கிறேன். நம் ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோய்க்கான மருத்துவ ஆய்வு நடத்த நிதி வேண்டும். ஆய்வு என்றதுமே சிலருக்கு முகம் மாறிவிடுகிறது. "எங்கள் பிள்ளைகள் என்ன சோதனை எலிகளா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இருக்கிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நன்கொடை திரட்டி, 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மறு ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோயில், 1970-களில் நம் நாட்டின் பெரிய மையங்களில்கூட நிலைமை மோசம். நான்கு ஆண்டுகள் கழித்தும் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு இருபது பேர்கூட இல்லை.

1984-இல் அடையாறு, மும்பை டாடா மருத்துவமனை, டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை மூன்றும், அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் டாக்டர் இயன் மக்ராத்தோடு சேர்ந்து ஒரே சிகிச்சைத் திட்டத்தைக் கையில் எடுத்தன. எம்.சி.பி. 841 என்று பெயர். அதில் அதிசய மருந்து ஒன்றும் கிடையாது. வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டின், ப்ரெட்னிசலோன், மெத்தோட்ரெக்சேட் என்று ஏற்கெனவே இருந்த மருந்துகள்தான். எதை, எந்த நாளில், எவ்வளவு என்பதை மூன்று இடத்திலும் ஒரே மாதிரி செய்தார்கள், எழுதி வைத்தார்கள். கிருமித் தொற்றைச் சமாளிக்கும் கவனிப்பும் தேறியது. நூற்றுக்கு இருபதுக்குக் கீழே கிடந்த எண்ணிக்கை, 45-க்கும் 60-க்கும் இடையே ஏறியது. எலி வேலை என்றால் இதுதான், ஐயா!

சரி, மருந்துக் கம்பெனிகள் பணம் தராதா? தங்கள் புது மருந்துக்குத் தருவார்கள். சல்லிசாகக் கிடைக்கும் பழைய மாத்திரையை எந்த அளவில் கொடுத்தால் நம் பிள்ளைகள் தாங்குவார்கள் என்று பார்க்க யார் தருவார்கள்? அதில் லாபம் ஏது? அங்கேதான் தர்மப் பணம் தேவைப்படுகிறது.

அந்தப் பணம் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். இந்த நோய்க்கு மெர்காப்டோபியூரின் என்று ஒரு மாத்திரை. வீட்டிலேயே கொடுப்பது, தினமும், மாதக்கணக்கில். ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அளவை மாற்றுவார்கள். இன்று ஒன்று, நாளை அரை என்று அம்மா காலண்டரில் குறித்துக்கொள்வார். ஆறு மாதம் போனால் முடி வளர்ந்துவிடும், பையன் தெருவில் பந்து விளையாடுவான். "நல்லாத்தானே இருக்கான், இனி எதுக்கு மாத்திரை?" என்று அப்பா பஸ் காசை மிச்சம் பிடிப்பார். நோய் திரும்புவதற்கு அது போதும். அந்த வீட்டுக்குப் போன் போட்டு, "ஏன் வரலை? பஸ் காசு நாங்க தர்றோம், நாளைக்கு வந்துடுங்க" என்று சொல்ல ஒரு ஆராய்ச்சி செவிலியர் வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் கணக்கையும் பிசகாமல் பதிய ஒருவர் வேண்டும். இவர்கள் இல்லாவிட்டால் ஆய்வு வெறும் காகிதம்.

பாதுகாப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆய்வால் நோயாளிகளுக்குக் கெடுதல் வராதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும். பெற்றோர் சம்மதம் எழுத்தில் வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது. சம்மதப் படிவத்தைத் தமிழில் படித்துக் காட்டாத எந்த ஆய்வுக்கும் நீங்கள் ஒரு பைசா தர வேண்டாம்.

நம் ஆட்களுக்குக் கட்டடம் கட்டித் தரப் பிடிக்கும். கோயில் ட்யூப்லைட்டில்கூட வெளிச்சம் மறைய 'உபயம்' எழுதியவர்கள் நாம். செவிலியர் சம்பளத்தில் எங்கே போய்ப் பெயர் எழுதுவது? அதனால்தான் அந்தச் செலவுக்கு ஆள் கிடைப்பதில்லை.

ஆகவே என் கோரிக்கை இது. ஒரே நாளில் பெரிய தொகை வேண்டாம். இந்தச் சிகிச்சையே இரண்டு ஆண்டுக்கு மேல் ஓடும். பாதியில் பணம் நின்றால் பிள்ளைகளைப் பின்தொடர முடியாது. ஒரு செவிலியர், ஒரு பதிவாளர், பஸ் காசு. இந்த மூன்றுக்கும் மூன்று ஆண்டுகள், மாதாமாதம். சீட்டு கட்டிப் பழகிய சங்கத்துக்கு இது புதிதில்லை. வருடா வருடம் கணக்கை இதே மேடையில் வாசிக்கிறோம், கேள்வி கேளுங்கள். படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. காசோலையை ஆஸ்பத்திரியின் ஆய்வுக் கணக்குக்கே எழுதுங்கள், என் பெயருக்கு வேண்டாம்.