கொலைக் கதை எழுதுபவருக்கு சர்ச்சுக்குள் என்ன வேலை? 340 வருடக் கட்டடத்தில் ஒரு துப்பு

[திரையில்: லண்டன், இருட்டத் தொடங்கும் நேரம். ஓர் ஆலயத்தின் திறந்த கதவு.]

இந்தக் கதவுக்கு உள்ளே காலையில் ஜெபம், மாலையில் கொலை. பயப்படாதீர்கள், காகிதத்தில் நடக்கும் கொலைதான். இங்கே நடக்கும் புத்தகக் கூட்டத்தில், குற்றக்கதை எழுதுபவர் ஒருவர் பலிபீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, பிணத்தை எங்கே ஒளித்தேன், விஷத்தை எதில் கலந்தேன் என்று விலாவாரியாகப் பேசுவார். டிக்கெட் வாங்கியவர்கள் சர்ச் பெஞ்சில் உட்கார்ந்து ரசித்துக் கேட்பார்கள்.

சர்ச்சுக்குள் இதெல்லாம் பேசலாமா? இங்கிலாந்து திருச்சபைச் சட்டத்தில் எஃப் 16 என்று ஒரு விதி இருக்கிறது. ஆலயத்தில் நாடகமோ கச்சேரியோ படமோ நடந்தால், அதில் வரும் சொற்கள் கடவுளின் வீட்டுக்குத் தகுந்தவைதானா என்று அங்குள்ள பாதிரியார் பார்த்துக்கொள்ள வேண்டும். கொலையைப் பற்றிப் பேச்சே வரக்கூடாது என்றால் முதலில் பைபிளை மூடி வைக்க வேண்டியிருக்கும். நான்காம் அதிகாரத்திலேயே அண்ணன் தம்பியைக் கொன்றுவிடுகிறான்!

வரலாறு கொஞ்சம் வேண்டும், ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதியவர் ரொனால்ட் நாக்ஸ். ஆண்டு 1929. அவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். கதையில் பேய் பிசாசு வேலைக்கே இடமில்லை என்று சொன்னவரும் அவர்தான்! 1930-இல் எழுத்தாளர்கள் சேர்ந்து டிடெக்‌ஷன் கிளப் தொடங்கினார்கள். முதல் தலைவர் செஸ்டர்டன், பாதிரியாரையே துப்பறிபவராக வைத்துக் கதை எழுதியவர். பின்னாளில் அதன் தலைவரான டாரத்தி சேயர்ஸின் அஸ்தி, லண்டன் சோஹோவில் செயின்ட் ஆன் ஆலயக் கோபுரத்துக்கு அடியில் இருக்கிறது. ஆக, இந்த உறவு பழசு. சரி, வரலாறு முடிந்தது.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள்.

[திரையில்: பிக்கடிலி, செயின்ட் ஜேம்ஸ் ஆலயத்தின் உட்புறம்]

இது 1684-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயம். கட்டியவர் கிறிஸ்டோபர் ரென். செயின்ட் பால்ஸ் கதீட்ரலைக் கட்டிய அதே ரென். அவருக்கு எண்பது வயது நெருங்கும்போது லண்டனில் ஐம்பது புதிய ஆலயங்கள் கட்டுவதாக ஒரு திட்டம் வந்தது. அதற்காக அவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. நான் அதை ஒரு துப்பறியும் கதை மாதிரிதான் படித்தேன்.

பெரிதாகக் கட்டி என்ன பயன், பேசுவது காதில் விழ வேண்டாமா? இதுதான் அவர் கேள்வி. பதிலை அடிக்கணக்கில் தருகிறார். சாதாரணக் குரல் பிரசங்க மேடைக்கு முன்னால் 50 அடி வரை கேட்கும். பக்கவாட்டில் 30 அடி. மேடைக்குப் பின்னால் 20 அடி. மைக் இல்லாத காலத்துக் கணக்கு இது! எல்லாரும் பார்க்கவும் கேட்கவும் முடிகிற ஆலயத்துக்கு அவரே காட்டும் உதாரணம், இப்போது நீங்கள் பார்க்கிற இந்த செயின்ட் ஜேம்ஸ்.

அப்புறம் ஒரு நிபந்தனை போடுகிறார். வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் குரலை விழ விடக்கூடாது. முக்கியமான சொல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், அது கேட்காமல் போனால் மொத்த அர்த்தமும் போச்சு என்கிறார். பிரெஞ்சுப் பிரசங்கியார்கள் கடைசிச் சொல்லில் குரலை ஏற்றுவார்களாம், அதனால் ஆங்கிலேயரைவிட அதிக தூரம் கேட்குமாம். சொந்த ஊர்ப் பாதிரியார்கள் மீது இவ்வளவு நாசூக்காக யாரும் புகார் எழுதியிருக்க மாட்டார்கள்.

கடைசிச் சொல்லில் உயிரை வைத்திருப்பது வேறு யார்? குற்றக்கதை எழுத்தாளர்! அவர் கொலைகாரனின் பெயரைக் கூட்டத்தில் சொல்ல மாட்டார், புத்தகம் விற்க வேண்டுமே. ஒரு அத்தியாயம் வாசிப்பார், சரியாகத் திருப்பம் வரும் சொல்லில் புத்தகத்தை மூடுவார். அந்த ஒரு சொல் பின்வரிசையில் கேட்காவிட்டால், முன்வரிசை அதிர்ந்து மூச்சைப் பிடிக்கும்போது பின்வரிசை பக்கத்து ஆளைப் பார்த்து "என்ன சொன்னார்?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்.

கல்லும் கண்ணாடியும் ஒலியை விழுங்காது, திருப்பி அனுப்பும். அதனால் ஒலி உடனே அடங்காமல் கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டே நிற்கும். உயிரெழுத்து சத்தமாக ஒலிக்கும், மெய் மெலிந்து ஒலிக்கும். முந்தைய ஒலியின் இழுவை அடங்குவதற்குள் அடுத்த மெய் வந்தால், அதன் அடியிலேயே அமுங்கிவிடும். இழுவை இருந்தால் ஆர்கன் இசைக்கு அழகு, பேச்சுக்கு ஆபத்து.

இதைத் தமிழில் யோசித்துப் பாருங்கள். கொன்றான். கொன்றாள். கொன்றார். ஆணா, பெண்ணா, மரியாதைக்குரிய நபரா என்கிற மொத்த ரகசியமும் கடைசி ஒற்றில் இருக்கிறது. அதற்கு முன்னால் வருவதோ நீண்ட ஆகாரம்! கல் கட்டடத்தில் அது இழுத்துக்கொண்டே போனால் ன், ள், ர் எல்லாம் ஒரே மூட்டம். ரென் தமிழ் தெரியாமல் செத்துப்போனது அவர் அதிர்ஷ்டம். தெரிந்திருந்தால் 50 அடியை 30 ஆக்கியிருப்பார்.

இப்போது ஒலிபெருக்கி இருக்கிறதே என்பீர்கள். சத்தம் கூடும், இழுவை குறையாது. இழுவையைக் குறைக்கிற மலிவான சாமான் மனித உடம்பும் அதன் மேல் இருக்கிற கோட்டும்தான். அதனால் காலியான சர்ச்சில் நாலு மணிக்கு மைக் சோதித்துவிட்டு, ஏழு மணிக்கும் அப்படியே கேட்கும் என்று நம்பாதீர்கள்.

கூட்டத்துக்குப் போனால் மேடைக்கு நேர் எதிரே, தூண் மறைக்காத இடமாகப் பிடியுங்கள். கையெழுத்து வாங்குகிற வரிசை வாசல்வரை நீளும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கமெண்டில் உங்களுக்கு ஒரு வேலை: கொலை செய்தது ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்காமல் ஐந்து வரியில் ஒரு கொலைக் கதை. எல்லாவற்றுக்கும் "ஆர்" போட்டுத் தப்பிக்கக் கூடாது. நல்ல கதையை அடுத்த வீடியோவில் வாசிக்கிறேன், கடைசிச் சொல்லில் குரலை விழ விடாமல்.