அலுவலக மின்னஞ்சல் சர்வர்: உரிமக் கட்டணத்துக்கு அப்பால்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரின் தோ பாயோவில் உள்ள கணக்கியல் நிறுவனமோ துவாசில் உள்ள பட்டறையோ, முப்பது நாற்பது பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகத்தில் மின்னஞ்சல் சர்வரை மாற்றலாமா என்ற பேச்சு எழுந்தால், ஓர் ஊழியருக்கு மாதம் எத்தனை வெள்ளி என்பதே முதல் கேள்வியாக இருக்கும். அந்தக் கணக்கில், நிரல் வரிகள் எல்லாருக்கும் திறந்துவைக்கப்பட்ட, உரிமக் கட்டணம் இல்லாத திறந்தமூல மென்பொருள் எளிதாக வென்றுவிடும். அது பாதிக் கணக்குதான்.

கடிதங்களை அனுப்புவதும் பெறுவதும் மட்டுமே தேவை என்றால் தயங்க ஒன்றுமில்லை. போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் போன்ற திறந்தமூல மென்பொருள்கள் பல ஆண்டுகளாக உலகெங்கும் அந்த வேலையைத் திறம்படச் செய்துவருகின்றன. ஐமேப் என்ற பொது நெறிமுறை இருப்பதால், பழைய கடிதங்களை ஒரு சர்வரிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்வதும் பெரிய பாடில்லை. நிறுவனத்தைக் கட்டிப்போடுவது நாட்காட்டி. மேலாளரின் நாட்காட்டியில் செயலாளர் சந்திப்புகளைக் குறிக்கும் அனுமதி, கூட்ட அறை முன்பதிவு, எல்லாருக்கும் பொதுவான தொடர்புப் பட்டியல், ஆண்டுக்கணக்கில் வாரந்தோறும் தொடரும் கூட்டங்கள் ஆகியவை இடம் மாறும்போதுதான் சிதறுகின்றன. இதற்கென கால்டேவ் என்ற பொதுத் தரநிலை 2007ஆம் ஆண்டே வந்துவிட்டது. ஆனால் விண்டோசில் நம்மவர்கள் பழகிப்போன அவுட்லுக் அஞ்சல் செயலி, துணைநிரல் எனப்படும் கூடுதல் மென்பொருள் இல்லாமல் அதனோடு ஒத்துழைப்பதில்லை. ஆகவே எந்த மென்பொருளை வாங்கினாலும், விற்பவரின் விளக்கக் காட்சியை நம்பாமல், உங்கள் அலுவலகத்தின் உண்மையான நாட்காட்டி ஒன்றை உள்ளே ஏற்றி, மறுபடி வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

திறந்தமூலம் என்றால் என்றும் நம் கையில் இருக்கும் என்பதும் முழு உண்மையன்று. ஜிம்ப்ரா என்ற திறந்தமூல மின்னஞ்சல், நாட்காட்டி மென்பொருளை 2007இல் யாஹூவும், 2010இல் விஎம்வேரும், பின்னர் டெலிஜென்டும், 2015இல் சினகோரும் வாங்கின. ஒன்பதாம் பதிப்பிலிருந்து, அப்படியே நிறுவிக்கொள்ளத்தக்க இலவசத் தொகுப்பை அந்நிறுவனம் வெளியிடுவதில்லை. மூலநிரல் கிடைக்கிறது, அதைத் தொகுத்துப் பராமரிக்கத் தெரிந்தவர் நம்மிடம் இருக்கிறாரா?

உரிமக் கட்டணம் வாங்கும் மறுபக்கமும் நிம்மதியளிப்பதாக இல்லை. 2021 மார்ச்சில், மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் சர்வர் மென்பொருளான எக்ஸ்சேஞ்சில் இருந்த நான்கு பாதுகாப்பு ஓட்டைகளின் வழியாக, சொந்த இடத்தில் சர்வர் வைத்திருந்த நிறுவனங்கள் உலகெங்கும் தாக்கப்பட்டன. திருத்தத்தை உடனே நிறுவ ஆளில்லாத சிறிய அலுவலகங்களுக்குத்தான் ஆபத்து அதிகமாக இருந்தது. எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 ஆகிய பதிப்புகளுக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. அடுத்த பதிப்போ சந்தா முறையில் வருகிறது.

ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு, 40,000க்கும் மேற்பட்ட அஞ்சல் பெட்டிகளை 2025இல் ஓப்பன்-எக்ஸ்சேஞ்ச் என்ற திறந்தமூல மென்பொருளுக்கு மாற்றியதைப் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். பாராட்டத்தக்க முயற்சிதான், எனினும் ஓர் அரசுக்கு உள்ள தொழில்நுட்பப் படை நம் சிறு நிறுவனங்களுக்கு ஏது? தனி ஐடி ஊழியர் இல்லாத அலுவலகம் இரண்டு வகை சர்வரையும் சொந்தமாக நடத்தாமல் இருப்பதே நல்லது என்பேன். கூகளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் அனுப்புநர் சரிபார்ப்பைக் கடுமையாக்கியிருப்பதால், சரியாக அமைக்கப்படாத சர்வரிலிருந்து செல்லும் விலைப்பட்டியல் வாடிக்கையாளரின் குப்பை அஞ்சலில் போய் விழக்கூடும். திறந்தமூலத்தை விரும்புவோர், அதை நிறுவிப் பராமரித்துத் தரும் சேவை நிறுவனத்திடம் சந்தா எடுக்கலாம். அதுவே என் தெரிவு. அப்படி ஒப்படைத்தாலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உங்கள் பொறுப்பு நீங்காது. 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தரவு கசிந்து, அது அறிவிக்கப்பட வேண்டிய கசிவு என்று மதிப்பிட்டுவிட்டால், மூன்று நாள்களுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இன்னொன்றையும் பாருங்கள். மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் உங்கள் இணையப் பெயர் நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறதா, இல்லை, அதை அமைத்துக் கொடுத்தவரின் பெயரிலா? அந்தப் பதிவு உங்கள் கையில் இருந்தால், அஞ்சல் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்பதை நீங்களே எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். .எஸ்ஜி என முடியும் பெயர்களுக்கு நிர்வாகத் தொடர்பாளரின் அடையாளம், அரசின் மின்னிலக்க அடையாளச் சேவையான சிங்பாஸ் வழி சரிபார்க்கப்படுகிறது. அந்தத் தொடர்பாளர் உங்கள் நிறுவனத்தில் இப்போதும் வேலை செய்கிறாரா என்று பார்த்துவிடுங்கள். வணக்கம்.