ஒரே சேலையை வெட்டிப் பத்துக் கடையில் விற்பதா போட்டி?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகுட்டிகளோடு வந்து உட்கார்ந்திருக்கும் நியூ ஜெர்சித் தமிழ்ச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம். பேஸ்பால் நேரலை உரிமைக்காக ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் போட்டி போடுவது ரசிகனுக்கு லாபமா, நட்டமா என்பது தலைப்பு. நட்டம் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு இந்த அணியைக் கொடுக்காமல் இருந்திருந்தால் கேட்டு வாங்கியிருப்பேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பது வயதைத் தாண்டியவர், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் பேஸ்பால் எனக்கு ஒன்றும் புரியாது, உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஆட்டம் தொடங்கும் முன்பே பென்சிலைச் சீவி, ஸ்கோர் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு தயாராக இருப்பார். ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு கட்டம். ஸ்டிரைக் அவுட் ஆனால் ‘கே’ என்ற எழுத்து; மட்டையை வீசாமல் நின்று பார்த்தே அவுட் ஆகிவிட்டால் அதே எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போடுவார். போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை ஏழு மணி இருக்கும், கதவைத் தட்டினார். "வழக்கமான சேனலில் வேறு எதுவோ ஓடுகிறது, இன்றைக்கு ஆட்டம் இல்லையா?" என்று கேட்டார். ஆட்டம் இருந்தது. அன்றைக்கு மட்டும் அது வேறொரு ஆப்பில். சரி, போட்டுக்கொடுக்கலாம் என்று போனேன். ஆப்பை இறக்கி, ரிமோட்டின் அம்புக்குறியை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி அவருடைய மின்னஞ்சல் முகவரியை அடித்து, அதற்கு வந்த ஆறு இலக்க எண்ணைப் பார்க்கலாமென்றால் மின்னஞ்சலின் பாஸ்வேர்டு அவருக்கு நினைவில்லை, வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, அவள் வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் ஓரம்கட்டி நிறுத்தும்வரை காத்திருந்து, எல்லாம் முடிந்து படம் வந்தபோது மூன்றாவது இன்னிங்ஸ் நடந்துகொண்டிருந்தது. அவர் யாரையும் திட்டவில்லை. அட்டையில் முதல் இரண்டு இன்னிங்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் லேசாக ஒரு கோடு இழுத்துவிட்டு, மூன்றாவதிலிருந்து எழுத ஆரம்பித்தார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

எதிரணித் தலைவர் பேசும்போது, போட்டி வந்தால் விலை குறையும், தரம் கூடும், இது வியாபாரத்தின் அரிச்சுவடி என்றார். நானும் ஒப்புக்கொள்கிறேன். ஒரே சேலை பத்துக் கடையில் கிடைத்தால் நான் நான்கு கடை ஏறி இறங்கிப் பேரம் பேசலாம், எனக்கு லாபம். ஆனால் இங்கே நடப்பது வேறு. ஒரே ஒரு சேலை இருக்கிறது, அதைப் பத்துத் துண்டாக வெட்டிக் கடைக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டார்கள். முந்தானை ஒரு கடையில், பார்டர் இன்னொரு கடையில். முழுச் சேலை வேண்டுமென்றால் பத்துக் கடையிலும் நான் பணம் கட்டவேண்டும். நிறுவனங்கள் போட்டி போடுவது எம்.எல்.பி என்ற அமெரிக்க பேஸ்பால் லீகிடம் உரிமையை வாங்குவதற்காக. வாங்கியபிறகு அந்த ஆட்டத்துக்கு அவர்கள் மட்டும்தான் கடைக்காரர், ரசிகனுக்காக யாரும் போட்டி போடுவதில்லை.

துண்டுகள் எங்கெங்கே போயின என்று பாருங்கள். 2022இல் வெள்ளி இரவு ஆட்டங்கள் ஆப்பிளின் டிவி ஆப்புக்குப் போயின. அதே வருடம் ஞாயிறு காலை ஆட்டம் என்பிசியின் ஸ்ட்ரீமிங் தளமான பீகாக்குக்கு. 2024இல் அது ரோகு என்ற இன்னொரு தளத்துக்கு மாறியது. 2026 முதல் மறுபடியும் பீகாக். ஒரே ஒரு ஞாயிறு காலை ஆட்டம் ஐந்து வருடத்துக்குள் இரண்டு முறை வீடு மாறியிருக்கிறது! ஞாயிறு இரவு ஆட்டம் 1990இலிருந்து ஈஎஸ்பிஎன்னில் இருந்தது, கண்ணை மூடிக்கொண்டு சேனலைப் போடுவார்கள். ஆண்டுக்கு 55 கோடி டாலர் ஒப்பந்தத்திலிருந்து ஈஎஸ்பிஎன் விலகிக்கொள்ள, 2025 நவம்பரில் எம்.எல்.பி புதிதாகப் பங்கு பிரித்தது. ஞாயிறு இரவும், சீசன் முடிந்தபிறகு வரும் பிளேஆஃபின் முதல் சுற்றான வைல்ட் கார்டும் என்பிசிக்கும் பீகாக்குக்கும். சீசனின் முதல் இரவு ஆட்டமும், பந்தை எல்லைக்கு வெளியே அடிக்கிற ஹோம் ரன்களுக்கான டெர்பி போட்டியும் நெட்ஃபிளிக்ஸுக்கு. வெளியூர் அணிகளின் ஆட்டங்களைக் காட்டும் எம்.எல்.பி டிவி, விலகிப்போன அதே ஈஎஸ்பிஎன்னிடம். இவ்வளவும் 2028 வரைதான், அப்புறம் மறுபடியும் கத்திரிக்கோலை எடுப்பார்கள்.

ஒரு அணிக்கு ஒரு சீசனில் 162 ஆட்டம். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை கிட்டத்தட்ட தினமும். அமெரிக்கக் கால்பந்தில் ஒரு அணி சீசனுக்கு 17 ஆட்டம்தான் ஆடுகிறது, ஒவ்வொன்றும் திருவிழா மாதிரி, திருவிழாவுக்குப் பஸ் பிடித்துக்கூடப் போகலாம். பேஸ்பால் சாயங்காலக் காபி மாதிரி. சமைத்துக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே, ஒரு காதை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு பார்க்கிற ஆட்டம். அதில் பாதி இன்பம் தினமும் கேட்கிற அந்த ஒரே குரல். நம் அணியின் வர்ணனையாளருக்குப் போன மாதம் பந்து வீசும் அந்த பிட்சருக்குத் தோள் வலித்ததும் தெரியும், நேற்று யார் கோட்டை விட்டார்கள் என்பதும் தெரியும். ஆப்பில் வருகிற அந்த ஒரு நாள் ஆட்டத்துக்கு வேறு யாரோ வந்து பேசுகிறார்கள். திறமைசாலிகள்தான், குறை சொல்லவில்லை, ஆனால் அவர்கள் விருந்தாளிகள்.

2022 செப்டம்பரை மட்டும் நினைத்துப் பாருங்கள். நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஆரன் ஜட்ஜ் அந்த சீசனில் 60 ஹோம் ரன் அடித்து நிற்கிறார். அதே அணியின் ராஜர் மாரிஸ் 1961இல் ஒரே சீசனில் அடித்த 61 என்ற எண்ணைத் தொட இன்னும் ஒன்றே ஒன்று. செப்டம்பர் 23, வெள்ளிக்கிழமை, யாங்கி ஸ்டேடியத்தில் ரெட் சாக்ஸோடு ஆட்டம். ஊரே காத்திருந்த அந்த ராத்திரி ஆட்டம் ஆப்பிளில் மட்டும். வருடம் முழுக்க ஜட்ஜின் ஒவ்வொரு அடியையும் சொல்லிவந்த மைக்கேல் கே அன்றைக்குப் பேச முடியாது, ஏனென்றால் யாங்கீஸ் ஆட்டங்களைக் காட்டும் அவருடைய யெஸ் சேனலுக்கு அந்த ஆட்டம் இல்லை. அந்தச் சேனலிலும் காட்டவிடுங்கள் என்று நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் லெட்டிஷியா ஜேம்ஸே கேட்டார். நடக்கவில்லை. அன்று ஜட்ஜ் ஹோம் ரன் அடிக்கவில்லை, ஐந்து நாள் கழித்து டொராண்டோவில் 61ஐத் தொட்டார், அதனால் தப்பித்தோம். அடித்திருந்தால், இந்த ஊர் அப்பாக்கள் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டும் பதிவில் அந்தப் பழகிய குரல் இருந்திருக்காது.

இன்னொன்று, அந்த வருடம் ஆப்பிள் இலவசமாகக் கொடுத்ததே என்று எதிரணியில் பேசிய தங்கை கேட்டார். கொடுத்தார்கள், ஒரு சீசன். 2023இலிருந்து சந்தா. அந்த முதல் சீசன் நடந்தபோது மாதம் 4.99 டாலராக இருந்த ஆப்பிள் டிவி சந்தா, 2025 ஆகஸ்டில் 12.99. பீகாக்கும் அதே காலத்தில் 4.99இலிருந்து 10.99க்கு வந்துவிட்டது. எல்லாம் பேஸ்பாலுக்காகவே ஏற்றியது என்று சொல்லமாட்டேன், அது நியாயமில்லை. ரோகு ஞாயிறு ஆட்டத்தை இலவசமாகவே காட்டியது, அதையும் மறுக்கமாட்டேன். ஆனால் இலவசமாகக் காட்டியவரிடம் அது நிலைத்ததா? இரண்டே சீசன்.

கேபிள் காலம் மட்டும் சொர்க்கமா என்ற கேள்விக்கு வருகிறேன். இல்லவே இல்லை. லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர்ஸ் அணி தன் உரிமையை 25 வருடத்துக்கு 835 கோடி டாலருக்கு ஒரே கேபிள் நிறுவனத்துக்குக் கொடுத்ததும், 2014இலிருந்து ஆறு வருடம் லாஸ் ஏஞ்சலஸில் ஏகப்பட்ட வீடுகளில் சொந்த ஊர் அணியைப் பார்க்க முடியாமல் போனதும், 67 சீசன் வர்ணனை செய்த வின் ஸ்கல்லியின் கடைசி மூன்று சீசன்களை அந்த வீடுகள் இழந்ததும் நடந்த கதை. எதிரணி நண்பர் இதைச் சொன்னபோது எனக்கும் நெஞ்சு கனத்தது. ஆனால் அங்கே என்ன நோய்? ஆட்டத்தை ஒருவரிடம் மட்டும் அடைத்துவைத்த நோய். ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் ஏலம் கேட்பதும் அதே அடைப்புக்காகத்தான், அதைத் திறப்பதற்காக அல்ல.

நான் ஸ்ட்ரீமிங்குக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். 2023இல் சான் டியேகோ பாட்ரேஸின் ஆட்டங்களைக் காட்டிவந்த கேபிள் நிறுவனம் திவாலாகிப் பணம் கட்டாமல் விட்டபோது, எம்.எல்.பியே ஒளிபரப்பைக் கையில் எடுத்தது. உள்ளூர்க்காரர்களுக்கு மாதம் 19.99 டாலர், உள்ளூர் ஆட்டத்தை மறைக்கிற பிளாக்அவுட் கிடையாது, கேபிள் வைத்திருந்தால் அதிலும் வரும். வர்ணனையாளர்களும் பழைய ஆட்களே. அதுவும் இணையம் வழியாகத்தான் வந்தது. அங்கே யாரும் ஏலம் எடுத்துப் பூட்டுப் போடவில்லை, அதனால்தான் ரசிகனுக்கு நல்லது நடந்தது. எதிரணி தங்கள் பக்கத்துக்குக் காட்டிய இந்த உதாரணத்தை, நடுவர் அவர்களே, தயவுசெய்து எங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜப்பானுக்கு ஒரு நிமிடம் வாருங்கள். நாடுகள் மோதும் 2023 உலக பேஸ்பால் கிளாசிக் இறுதி ஆட்டம், அமெரிக்காவை ஜப்பான் 3-2 என்று வென்றது, கடைசி அவுட்டாக ஜப்பானின் ஷோஹே ஓடானி அமெரிக்காவின் மைக் டிரவுட்டை வீழ்த்தினார். ஜப்பானில் அப்போது வேலை நாள் காலை நேரம். அப்படியிருந்தும் சாதாரணத் தொலைக்காட்சியில் 42.4 சதவீத வீடுகள் பார்த்தன. தாத்தா, பேரன், கடைக்காரர், வாடிக்கையாளர் எல்லோரும் ஒன்றாக. 2026 போட்டியின் 47 ஆட்டங்களுக்கும் ஜப்பானில் நேரலை உரிமையை நெட்ஃபிளிக்ஸ் மட்டும் வாங்கியது. தங்கள் வழியாகப் போகாமல் நேராகவே கொடுத்துவிட்டார்கள் என்று, டோக்கியோ ஆட்டங்களை நடத்துகிற யோமியூரி நாளிதழ் நிறுவனமே அறிக்கை விட்டது. சந்தா கட்டும் வசதியும் அதைப் போட்டுக்கொடுக்க ஒரு ஆளும் உள்ள வீட்டுக்கு மட்டும் ஓடானி வருவார் என்றால், அடுத்த ஓடானியாக வேண்டிய பையன் எந்த வீட்டில் இருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்?

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமையும் ஆட்டம் ஆப்பில்தான். ஆறரைக்கே பெரியவர் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருக்கிறேன். பாஸ்வேர்டை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ரிமோட்டின் பின்னால் ஒட்டிக்கொடுக்கப் போகிறேன். இந்தத் தடவை முதல் இன்னிங்ஸிலிருந்து அவர் எழுதவேண்டும். வணக்கம்.