திருகோணமலையை வாழவைக்கும் தொழில்கள்

[காட்சி: சீனக்குடா, கரையை அணையும் கப்பல்]

திருகோணமலையின் பெரிய தொழில்கள் பலவும் தண்ணீரின் ஆழத்தை நம்பியவை. கொழும்பில் அலைதாங்கி கட்டித்தான் துறைமுகம் அமைத்தார்கள். இங்கே சுற்றியுள்ள மலைகளே காற்றை மறிக்கின்றன. அதனால் பாரமான சரக்கு ஏற்றிய கப்பல் ஆலைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்க முடிகிறது.

பிறிமா மா ஆலை இங்கே அமைந்ததற்குக் காரணமும் அதுதான். இலங்கையில் கோதுமை விளைவதில்லை, வருவதெல்லாம் கப்பலில்தான். 100 கிலோ கோதுமையை அரைத்தால் ஏறக்குறைய 75 கிலோ மா கிடைக்கும். மிச்சம் தவிடு, அது கால்நடைத் தீவனத்துக்குப் போகிறது.

ரோக்கியோ சீமெந்து ஆலையும் அப்படியே. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டு எடுக்கும் கிளிங்கர் கட்டிகளை இறக்குமதி செய்து, கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைக்கிறார்கள். ஜிப்சம் இல்லாவிட்டால் தண்ணீர் பட்டதுமே சீமெந்து இறுகிவிடும், மேசனுக்குப் பூச நேரம் இருக்காது. கிளிங்கரில் ஈரம் ஏறினால் சீமெந்தின் வலு குறையும். மாரியில் கப்பல் இறக்குபவர்களுக்கு இதுதான் பெரிய தலையிடி.

[காட்சி: காட்டுக்குள் எண்ணெய்க் குதங்கள்]

பிரித்தானியர் கட்டியவற்றில் மிஞ்சியவை 99 குதங்கள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் பிடிக்கும். 2022 ஒப்பந்தப்படி 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் கிளையான லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. குதம் இருந்தால் மட்டும் போதாது. துருப்பிடித்த அடித்தகட்டை மாற்றி, இறங்குதுறை வரை குழாய் போட்டால்தான் அது தொழில்.

[காட்சி: புல்மோட்டைக் கரை, கறுப்பு மணல்]

வடக்கே புல்மோட்டையில் வாடைக்கால அலை கனிய மணலைக் கரையில் ஒதுக்குகிறது. மணலைக் கழுவினால் இலேசான வெண்மணல் போய்விடும். காய்ந்த மிச்சத்தைக் காந்தத்தில் விட்டால் இல்மனைட் என்ற கறுப்புக் கனிமம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாததை உயர் மின்னழுத்த உருளையில் விடுவார்கள். மின்சாரத்தைக் கடத்தும் ரூட்டைல் என்ற கனிமம் எறியப்படும், கடத்தாத சிர்கன் என்ற கனிமம் உருளையோடு ஒட்டிப் போகும். மணல் சரியாகக் காயாவிட்டால் இந்தப் பிரிப்புக் குழம்பிவிடும்.

இல்மனைட்டிலிருந்துதான் பெயின்றுக்கான வெள்ளை நிறமி வருகிறது. நாமோ மணலைப் பிரித்து, மணலாகவே ஏற்றிவிடுகிறோம். பெறுமதி ஏறுகிற கட்டம் அதற்குப் பிறகுதான். மாவட்டத்தின் மிகப் பெரிய இழப்பு இது என்றே சொல்ல வேண்டும்.

[காட்சி: கொட்பே மீன்பிடித் துறைமுகம்]

வாடை ஓய்ந்து கடல் அடங்கும் மாதங்களில் மீனும் வரும், உல்லாசப் பயணிகளும் வருவார்கள். மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளி, உப்புவெளி, புறாத்தீவு எல்லாம் நிரம்பும். மழை தொடங்கினால் விடுதிகள் வெறுமை.

பிடித்த மீன் காசாவதும் வீணாவதும் ஐஸில்தான் இருக்கிறது. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். நொறுக்கிய ஐஸ், குடலெடுத்த வயிற்றுக்குள்ளும் வைக்க வேண்டும். உருகிய தண்ணீர் வடிய வழி இருக்க வேண்டும். சூரை போன்ற மீன் சூட்டில் கிடந்தால், சாப்பிடுபவருக்கு ஒவ்வாமை போன்ற நோயைத் தரும் ஹிஸ்டமின் என்ற நச்சு உருவாகும். சமைத்தாலும் அது அழியாது. ஏற்றுமதிக்காரர் அந்த மீனைத் திருப்பி அனுப்பிவிடுவார்.