மழைக்காலக் கலஹாரி

அவையோர்க்கு வணக்கம். ஆப்பிரிக்கக் காட்டுயிர்களைக் காண விரும்புவோர்க்கு வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை, வறண்ட மாதங்களில் போக வேண்டும் என்பதுதான். எஞ்சிய தண்ணீரைத் தேடி விலங்குகள் ஓரிடத்தில் கூடும், காண்பது எளிது. வடக்குப் போட்ஸ்வானாவில் ஓடும் சோபே ஆற்றின் கரைக்கு அது முற்றிலும் பொருந்தும். ஆனால் 1961இல் அறிவிக்கப்பட்ட, ஏறத்தாழ 52,800 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, அதே நாட்டின் மத்திய கலஹாரிக் காப்பகத்தில் நிலைமை நேர்மாறு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட அங்கே இல்லை. ஆகவே விலங்குகளைக் கூட்டுவது தண்ணீரன்று, புல்.

காப்பகத்தின் வடபகுதியில் டிசெப்ஷன் போன்ற பள்ளத்தாக்குகள் உள்ளன. இவை தொன்மைக்காலத்தில் வற்றிப்போன ஆறுகளின் படுகைகள். சுற்றியுள்ள மணல்மேடுகளில் புதரும் நெடும்புல்லுமே மண்டிக்கிடக்க, களிமண் படிந்த இப்படுகைகளில் மட்டும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மழை மாதங்களில் குட்டையான, சத்துமிக்க புல் தழைக்கிறது. ஸ்பிரிங்பாக் மான்களும், நீண்டு நேரான கொம்புகளையுடைய கெம்ஸ்பாக் மான்களும் மேட்டிலிருந்து இறங்கி இங்கே மேய்கின்றன, குட்டிகளும் ஈனுகின்றன. இரை கூடிய இடத்துக்குக் கரும்பிடரிச் சிங்கங்களும் சிவிங்கிப்புலிகளும் குள்ளநரிகளும் வந்துசேராமல் இருக்குமா? மறைவற்ற வெளி என்பதால், சிவிங்கிப்புலி ஒரு வேட்டையைத் தொடங்குவதிலிருந்து முடிப்பது வரை பொறுமையுள்ளவர் இருந்த இடத்திலிருந்தே காணலாம்.

பெரிய விலங்குகளை மட்டுமே தேடி அலைவோரைக் கண்டு எனக்கு வருத்தமுண்டு. பறக்கக்கூடிய பறவைகளுள் மிகுந்த எடையுள்ளவற்றில் ஒன்றான கோரி, நம் நாட்டுக் கானமயிலின் பேரினத்தைச் சேர்ந்தது. இனப்பெருக்க காலத்தில் அதன் ஆண்பறவை கழுத்தை ஊதிப் பெருக்கி, வாலை முதுகின்மேல் விரித்து நடப்பதைத் தொலைவிலிருந்தே காண முடியும். நாகாலாந்து வழியாகத் தெற்கே வரும் அமூர் வல்லூறுகளும் இம்மாதங்களில் ஆப்பிரிக்காவின் தென்பகுதிகளில்தான் ஈசல்களை வேட்டையாடுகின்றன. மண்ணுக்குள் மாதக்கணக்கில் உறங்கிக்கிடந்த பெருந்தவளைகள் முதல் பெருமழைக்கு வெளிவந்து முட்டையிடும். குட்டை வற்றத் தொடங்கினால் தந்தைத் தவளை பெரிய குட்டைவரை வாய்க்கால் வெட்டித் தலைப்பிரட்டைகளைக் கூட்டிச்செல்லும். இதைவிடப் பெரிய காட்சியைச் சிங்கம் தந்துவிடும் என்று நான் நம்பவில்லை.

செல்வோர் அறிய வேண்டியது: நனைந்த களிமண்ணில் வண்டி எளிதில் புதையும், தடங்களில் வளர்ந்த புல்லின் விதைகள் ரேடியேட்டரை அடைத்து இன்ஜினைச் சூடேற்றும் என்பதால் முன்பக்கத்தில் வலை கட்டுவது அங்குள்ளோர் வழக்கம்.

ஒன்றைக் கூறாமல் இருக்க முடியவில்லை. இன்று பள்ளத்தாக்கில், மாட்டைப் போன்ற உருவமுடைய மானினமான வைல்ட்பீஸ்ட்கள் சிறு கூட்டங்களாகவே தென்படுகின்றன. மாடுகளிடையே கோமாரி நோய் பரவாமல் தடுக்க 1950களில் எழுப்பப்பட்ட குக்கே வேலி, காப்பகத்தின் வட எல்லையில் நிற்கிறது. வறட்சி வந்தபோது தண்ணீரை நாடி வடக்கே நகர்ந்த கூட்டங்களை அது மறித்தது. 1980களின் வறட்சியில் வைல்ட்பீஸ்ட்கள் பல்லாயிரக்கணக்கில் மடிந்தன. காட்டுத் தர்ப்பூசணியிலும் கிழங்குகளிலும் உள்ள ஈரத்தைக் கொண்டே நெடுநாள் வாழவல்ல கெம்ஸ்பாக் மான்களுக்கு அந்த அளவு அழிவு நேரவில்லை. மழைக்காலத்தில் நம் கண்முன் எது மிகுதியாக மேய்கிறது, எது அரிதாக மேய்கிறது என்பதை மழையோடு அந்தக் கம்பிவேலியும் சேர்ந்தே தீர்மானித்திருக்கிறது.