மார்கழிக் காலையும் குறுக்கெழுத்தும்

நேயர்களுக்கு வணக்கம்.

"நெஞ்சோடு கோல் சேர்ந்தால் குளிர் மாதம். நான்கு எழுத்து." இது ஒரு குறுக்கெழுத்துக் குறிப்பு. நெஞ்சுக்கு 'மார்' என்று ஒரு பெயர் உண்டு. கோலுக்குக் 'கழி' என்று ஒரு பெயர் உண்டு. சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், மார்கழி வந்துவிடும்.

இந்த வகையை ஆங்கிலத்தில் கிரிப்டிக் என்கிறார்கள். சாதாரணக் குறுக்கெழுத்தில் "தமிழ் மாதங்களுள் ஒன்று" என்று கேட்டு நிறுத்திவிடுவார்கள். இதிலோ விடைக்கு இரண்டு வழி. குறிப்பின் ஒரு முனையில் நேரான பொருள் இருக்கும். மீதியில் அந்தச் சொல்லைக் கட்டும் முறை ஒளிந்திருக்கும். இரண்டு வழியும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்துவிட்டால், சரிதானா என்று யாரையும் கேட்கவேண்டியதில்லை.

இந்த விளையாட்டில் நாங்கள் மூன்று தோழிகள். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். ஒருத்தி திருப்பாதிரிப்புலியூரில். எங்கள் இருவருக்கும் மூத்த அக்கா புதுச்சேரி முத்தியால்பேட்டையில். ஒரே வங்கியில் வேலை பார்த்தவர்கள். மார்கழி பிறந்துவிட்டால், வாசலில் கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப்பூவைச் செருகிவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுப்போம். தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்த்திருக்க மாட்டோம்.

"அக்கா, நண்பனிடம் ஒளிந்திருக்கும் குளிர்காலத் துளி. இரண்டே எழுத்து."

"பனிதானே கேட்கிறாய்? ஆனால் நண்பனிடம் அது எங்கே இருக்கிறது?"

"'நண்பனிடம்' என்று எழுதிப் பாருங்கள்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. முன்னால் இரண்டு எழுத்தையும் பின்னால் இரண்டு எழுத்தையும் தள்ளிவிட்டால் நடுவில் பனி நிற்கிறது. அதைக் கண்டதும் அக்கா சிரிக்கும் சிரிப்புக்காகவே இன்னொரு குறிப்பு யோசிக்கத் தோன்றும். பிறகு பேச்சு மொச்சைக்காய் விலைக்குப் போகும், யாருக்கோ விடாமல் இருக்கும் இருமலுக்குப் போகும், தேங்காயெண்ணெய் உறைந்துபோனதற்குப் போகும். அந்தப் பேச்சுக்குள்ளிருந்தே அடுத்த குறிப்பு பிறக்கும்.

திருவாதிரை நாளில் அப்படித்தான் ஒன்று பிறந்தது. சிதம்பரத்தில் தரிசனம் முடிந்து திரும்பிய திருப்பாதிரிப்புலியூர்த் தோழி, களி கிளறிக்கொண்டே சொன்னாள்: "களிக்குள் கம்பத்தின் நடுப்பகுதி, குளிருக்குப் போர்வை. நான்கு எழுத்து." கம்பம் என்ற சொல்லின் நடுவில் இருப்பவை 'ம்', 'ப'. அவற்றைக் களிக்குள் வைத்தால் கம்பளி. ஒரு சொல் மிச்சமில்லை, ஒரு சொல் குறைவில்லை. நல்ல குறிப்பு என்றால் இதுதான் என்று நான் சொல்வேன். விடை தெரிந்தபின் திரும்பிப் படித்தால், எல்லாம் கண்ணெதிரே இருந்திருக்கவேண்டும்.

சில்வர் பீச்சில் கிடைத்த குறிப்பு ஒன்று: "கடற்கரையில் நின்று எதைப் பார்க்கிறோம், எதைக் கொறிக்கிறோம்? மூன்று எழுத்து." இரண்டு கேள்விக்கும் கடலை என்பதே பதில்.

எழுத்துகளை இடம்மாற்றும் குறிப்பும் உண்டு. "மழையில் நிலைகுலைந்த நகரம், பாவிகள் போகும் இடம்." நகரத்தின் எழுத்துகள் நிலைகுலைந்தால் நரகம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது வெறும் சொல் விளையாட்டு அல்ல. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' என்ற புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்சாரம் இல்லை, போன் இல்லை. இணைப்பு திரும்பிய அன்று அக்கா முதலில் "கூரை இருக்கிறதா?" என்று கேட்டார். அடுத்து, "பாதியில் விட்ட கட்டத்தை வைத்திருக்கிறாயா?" என்றார். அந்த இரண்டாவது கேள்வியில்தான் எனக்கு உயிர் வந்தது.

தமிழில் கட்டம் நிரப்புவதற்குத் தனி நுட்பம் வேண்டும். ஆங்கிலத்தில் 26 எழுத்து, நமக்கு 247. ஒரு கட்டத்தில் 'க' இருக்கலாம், 'கா' இருக்கலாம், 'கி' இருக்கலாம். குறுக்கே போகும் சொல்லால் ஓர் எழுத்து உறுதியானால் அது பெரிய துப்பு. பள்ளியில் மனப்பாடம் செய்த மொழி முதல் எழுத்துகள் இங்கே கைகொடுக்கும். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. எனவே ஒரு குறுக்குச் சொல்லின் இரண்டாம் கட்டத்திலிருந்து நெடுக்குச் சொல் ஒன்று இறங்கினால், அந்தக் கட்டத்தில் புள்ளி வைத்த எழுத்து வராது. மார்கழி அங்கே பொருந்தாது. கட்டம் அமைப்பவருக்கும் இதே சிக்கல்தான். நம் சொற்களில் பல 'ம்' என்றே முடிகின்றன. குறுக்கும் நெடுக்கும் ஒரே 'ம்'மில் போய் முடியும்படி, கீழே வலது மூலையைப் பார்த்து அவற்றை அமர்த்தவேண்டும்.

குறுக்கெழுத்து நமக்கு வெளியிலிருந்து வந்ததுதான். ஆர்தர் வின் என்பவர் அமைத்த முதல் கட்டம் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் வந்தது. அதுவும் ஒரு மார்கழி நாள். 1942 ஜனவரியில் லண்டன் டெய்லி டெலிகிராஃப் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டியில், 12 நிமிடத்துக்குள் முடிக்கவேண்டும் என்று கெடு வைத்தார்கள். அதில் தேறியவர்களுள் சிலர் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில், இரண்டாம் உலகப்போரில் பகைவரின் ரகசியச் செய்திகளை உடைக்கும் பணிக்கு அழைக்கப்பட்டார்கள். ஆனால் எழுத்தை வைத்து விளையாடும் மனம் நமக்குப் புதிதல்ல. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றில், ஞானசம்பந்தர் சீர்காழிக்கு ஒரு பதிகமே பாடியிருக்கிறார்.

எங்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. விடையைச் சொல்லக்கூடாது. மற்றவள் திணறினால், "பொருள் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா பார்" என்று சொல்லலாம். "எதையாவது உடைக்கவேண்டுமா என்று பார்" என்று சொல்லலாம். அதற்கு மேல் வாய் திறக்கக்கூடாது. விடையைச் சொல்லிவிட்டால் அவளுடைய காலை நேரத்து மகிழ்ச்சியை நாம் பறித்துக்கொண்டதாகிவிடும். வீட்டில் இதைத் தொடங்குகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அவசரப்படுவார்கள், காத்திருங்கள்.

உங்கள் வீட்டுக்கு ஒரு குறிப்பு தருகிறேன். "தேருக்குள் உன்னை ஏற்றினால், பனிக்கு இதமாகக் குடிக்கலாம். மூன்று எழுத்து."

வணக்கம்.