பாய்க் என்று எழுதப்பட்டவர்கள்

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

இந்த ஆண்டு பள்ளிப் படிப்பை முடித்து வெளியே வரும் பிள்ளைகளுக்காக ஏதாவது பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். அறிவுரை சொல்ல நாட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை, என்னோடு படித்தவர்களைப் பற்றி வேண்டுமானால் சொல்கிறேன் என்றேன். சரி என்றுவிட்டார்கள். என்னவெல்லாம் சொல்லப் போகிறேன் என்று தெரிந்திருந்தால் அவ்வளவு சுலபமாகச் சரி சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

ஆண்டு 1985. ஊர் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றிவிட்டார்கள். பலகையில் அது இருந்துவிட்டுப் போகட்டும், எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. ஊரைச் சுற்றித் தோட்டங்கள். ஒரு பக்கம் ரப்பர், மறுபக்கம் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. இந்த நாட்டில் வாணிபத்துக்கென்று முதன்முதலில் செம்பனை நட்டது எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல். எங்கள் சரித்திர ஆசிரியர் இதை ஆண்டுதோறும் சொல்லுவார். சொல்லிவிட்டு எங்களை ஒரு சுற்றுப் பார்ப்பார். "மரம் செஞ்ச சாதனைகூட நீங்க செய்யமாட்டீங்க" என்று முடிப்பார்.

இடைநிலைப்பள்ளியின் ஐந்தாம் படிவம் முடிந்து கிளம்பும்போது பள்ளியில் ஒரு சிஜில், அதாவது சான்றிதழ், கொடுத்தார்கள். நடத்தை என்ற இடத்தில் மலாயில் 'பாய்க்', அதாவது 'நன்று', என்று எழுதியிருந்தது. நல்லது, மகிழ்ச்சி. அப்புறம் பார்த்தால் எல்லாருக்குமே பாய்க். தீபாவளிக்கு மறுநாள் கழிப்பறையில் பட்டாசு கொளுத்தியவனுக்கும் பாய்க், அவனைக் காட்டிக்கொடுத்தவனுக்கும் பாய்க். அத்தனை பேருக்கும் எழுத வேண்டிய ஆசிரியர், பாவம், வேறு என்னதான் செய்வார்? அவர் எழுதாமல் விட்டதை இன்று நான் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம். பாதிப் பேர் தாத்தா பாட்டி ஆகிவிட்டார்கள், பேரப்பிள்ளைகள் காதில் விழக்கூடும். பட்டப்பெயர் போதும்.

முதலில் மீசை.

தமிழ்ப்பள்ளியிலிருந்தும் சீனப்பள்ளியிலிருந்தும் இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்கள் அப்போது நேராக முதலாம் படிவத்தில் உட்கார முடியாது. மலாய் மொழியில் தேறுவதற்காக ரிமூவ் வகுப்பில் ஓராண்டு. ஆகவே ஐந்தாம் படிவத்தில் மலாய்ப் பள்ளியிலிருந்து வந்தவர்களுக்கு வயது பதினேழு, எங்களுக்குப் பதினெட்டு. அந்த ஓராண்டு வளர்ச்சி முழுவதும் இவனுக்கு மேலுதட்டில் போய்ச் சேர்ந்திருந்தது. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் மாணவர் கட்டணம் வாங்க மறுப்பார்.

பக்கத்து லயத்துப் பையன் ஒருவன் இரண்டாம் படிவம், மாலைப் பள்ளி. வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு சிலாங்கூர் ஆற்றில் தூண்டில் போட்டு மாட்டிக்கொண்டான். வீட்டிலிருந்து பெரியவர் யாரையாவது கூட்டிவந்தால்தான் வகுப்பு என்று மாலைப் பிரிவு ஆசிரியர் சொல்லிவிட்டார். அப்பாவிடம் சொன்னால் முதுகுத்தோல் மிஞ்சாது. பையன் மீசையிடம் வந்து கெஞ்சினான். இரண்டு தட்டு மீ கோரெங் என்று பேச்சு முடிந்தது.

மீசை தன் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, சித்தப்பாவாகப் போய் நின்றான். காலைப் பள்ளிப் பையன்களை மாலை ஆசிரியருக்கு அவ்வளவாகத் தெரியாது. நாற்காலி போட்டு உட்கார வைத்தார். தோட்டத்தில் இப்போது பால் எப்படி, மழையில் எத்தனை நாள் பால்வெட்டு நின்றது என்றெல்லாம் மரியாதையாக விசாரித்தார். இவனும் பெருமூச்சு விட்டு, "என்னாத்த சொல்றது சார், மரத்த நம்பி பொழைக்க முடியல" என்றானாம். அதோடு எழுந்து வந்திருக்கலாம். வேஷத்தில் ஊறிப்போய், "புள்ளைங்கள அடிச்சி வளக்கணும் சார்" என்று பையன் தலையில் ஓங்கி ஒன்று வைத்தான். பையனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆசிரியரே எழுந்து தடுத்தார்.

சில நாள் கழித்து எங்களுக்கு எஸ்.பி.எம். என்ற ஐந்தாம் படிவ அரசாங்கத் தேர்வுக்கான சோதனைத் தேர்வு. மேற்பார்வைக்கு ஆள் போதாமல் மாலைப் பிரிவிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்திருந்தார்கள். அந்த ஆசிரியர் வினாத்தாள்களைக் கொடுத்துக்கொண்டே வந்தார். மீசையின் மேசையருகே நின்றார். பச்சைக் கால்சட்டையைப் பார்த்தார், வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், மீசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், "சித்தப்பா, பேனா இருக்கா?" என்றார்.

அவ்வளவுதான். பிரம்பும் இல்லை, புகாரும் இல்லை. அந்த ஒரு கேள்வியில் அவனுக்குச் சரித்திரத் தாளில் எழுத வேண்டியதெல்லாம் மறந்துபோனது. பள்ளி முடியும்வரை எல்லாருக்கும் அவன் சித்தப்பாதான். இப்போது மீசையை மழித்துவிட்டான். நரைத்ததால் என்று நாங்கள் சொல்கிறோம், அவன் வேறு காரணம் சொல்கிறான்.

அடுத்தவள் பெரட்டு. எங்கள் வகுப்புத் தலைவி. விடிவதற்கு முன்னால் தோட்டத் தொழிலாளர்கள் கூடும் பெரட்டுக் களத்தில் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிடுவாரே, அதே இழுவையில் வருகை எடுப்பாள். 'ஆஜர்' சொல்லத் தாமதித்தால் அரைநாள் சம்பளத்தைப் பிடித்துவிடுவாளோ என்று பயமாக இருக்கும். விடுமுறை வந்தால் அம்மாவோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவாள். அம்மா வெட்டிக்கொண்டே முன்னால் போக, இவள் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்து, கோட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பைக்குள் போட்டுக்கொண்டே பின்னால் போக வேண்டும். அந்த வாசனை சவுக்காரத்துக்கும் அடங்காது. விடுமுறை முடிந்து முதல் வாரம் இவள் கைநிறையப் பவுடர் போட்டுக்கொண்டு வருவாள். கணக்கு நோட்டெல்லாம் மணக்கும்.

ஒருநாள் கணக்கு ஆசிரியர் கோணமானியை மறந்துவிட்டு வந்தார். கரும்பலகையில் முப்பது பாகைக் கோணம் வேண்டும். பெரட்டு எழுந்து போனாள், சாக்கட்டியை எடுத்தாள், இடமிருந்து வலமாக ஒரே இழுப்பில் சரிவாக ஒரு கோடு போட்டாள். பக்கத்து வகுப்பிலிருந்து கோணமானி வாங்கிவந்து வைத்துப் பார்த்தார் ஆசிரியர். முப்பதேதான். எப்படி என்று கேட்டார். "பட்டையில வெட்டுக்கோடு அப்படித்தான் சார் போவும்" என்றாள். ஒட்டுமரத்துக்கு வெட்டுச் சரிவு முப்பது பாகை என்பது தோட்டத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும், ஆனால் அதைக் கரும்பலகைக்குக் கொண்டுவந்தவள் இவள் ஒருத்திதான்.

மழை வந்தால் மட்டும் பெரட்டுக்குப் பாடம் ஏறாது. பட்டை நனைந்தால் பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகிவிடும், வெட்ட முடியாது, அன்றைக்குச் சம்பளம் பாதிக்கப்படும். சன்னலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகள் அதே மழையில் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருப்பார்கள். இப்போது அவள் ஓர் அரசாங்க மருத்துவமனையில் மூத்த மிஸ்ஸி, அதாவது தாதி. இளம் மிஸ்ஸிகள் பெரட்டுக்கு வருவது போலத்தான் வேலைக்கு வருகிறார்களாம்.

சப்பாத்து என்று ஒருவன். தோட்டத்திலிருந்து செம்மண் சாலையில் சிலிப்பரோடு வருவான், வெள்ளைச் சப்பாத்து பிளாஸ்டிக் பையில் வரும், பள்ளி வாசலில்தான் காலுக்கு ஏறும். ஐந்தாண்டும் எங்கள் எல்லாரையும்விட வெள்ளையான சப்பாத்து அவனுடையதுதான். பரிசு கொடுத்தார்கள்.

மைலோவைப் பற்றி நீங்களே ஊகித்திருப்பீர்கள். விளையாட்டுப் போட்டி நாளில் பச்சை வண்டி வந்து திடலோரம் நிற்கும், சின்னக் காகிதக் குவளையில் ஜில்லென்று மைலோ, இலவசம். ஆளுக்கு ஒன்று என்று சட்டம். இவன் சிவப்பு இல்லம். முதல் குவளையைச் சிவப்புச் சட்டையில் வாங்குவான். அப்புறம் ஓடி முடித்துக் களைத்துக் கிடக்கும் ஒருவனிடம் நீலச் சட்டையைக் கடன் வாங்குவான். பிறகு மஞ்சள், பிறகு பச்சை. ஒருமுறை பச்சைச் சட்டையோடு அவசரத்தில் சிவப்பு இல்லத்துக்காக அஞ்சல் ஓட்டம் ஓடிவிட்டான். கோலை வாங்க வேண்டியவன் இவனை அடையாளம் தெரியாமல் கையை நீட்டவில்லை. சிவப்பு இல்லத்துக்காரர்களுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. எனக்கும்தான், நானும் சிவப்பு.

ஹெட் பெங்காவாஸ், அதாவது மாணவர் கண்காணிப்பாளர்களின் தலைவன், ஒரு மலாய் நண்பன். எங்களிடமிருந்து அவன் கற்ற தமிழ் ஒரே வார்த்தை, 'சாப்டாச்சா'. காலை, மாலை, சண்டை, சமாதானம், எல்லாவற்றுக்கும் அதுதான். நோன்பு மாதத்தில்கூடப் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விடுவான்.

பையன்களில் ஒருவன் அறிவிப்பாளர். ஆசிரியர் வராத பாடவேளையில் கரும்பலகைத் துடைப்பானைப் பிடித்துக்கொண்டு நேயர் விருப்பம் நடத்துவான். "இந்தப் பாடலை விரும்பிக் கேட்பவர்கள்" என்று ஆரம்பித்தால், யாருக்கு யார்மேல் கண் என்பதெல்லாம் அந்தப் பெயர்ப் பட்டியலில் பக்கம் பக்கமாக அமர்ந்துவிடும். எத்தனை பேர் அழுதார்கள், எத்தனை பேர் உள்ளுக்குள் மகிழ்ந்தார்கள் என்பது தனிக் கதை. வானொலிக்கு வருவான் என்றுதான் நினைத்தோம். இந்த நாற்காலி அவனுடையதாக இருந்திருக்க வேண்டும், நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஆண்டு ஜூலையில்தான் புரோட்டோன் சாகா வெளிவந்தது. அந்தக் காரின்மேல் பைத்தியமாகி, கார் பட்டறையில் வேலைக்குப் போய், இப்போது சொந்தப் பட்டறை. மைக் ஆசையைக் கோயில் திருவிழாவில் தீர்த்துக்கொள்கிறான். "நீல நிறப் புரோட்டோன் சாகாவின் உரிமையாளர் எங்கிருந்தாலும் உடனே வந்து காரை நகர்த்துமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறோம்" என்று அவன் சொல்வதைக் கேட்டால் கார் இல்லாதவனுக்கும் எழுந்து போகத் தோன்றும்.

இனி அஞ்சு அஞ்சு அஞ்சு. இவனைப் பற்றிப் பேசத்தான் நான் வந்ததே.

ஊரில் மளிகைக்கடை வைத்திருந்த சீனத் தவுக்கேயின் மகன். தோட்டத்தில் பாதிக் குடும்பங்களுக்கு அந்தக் கடையில்தான் கடன் கணக்கு. அட்டையில் 555 என்று போட்ட சின்னக் கைப்புத்தகம் ஞாபகமிருக்கிறதா? அரிசி, சாடின், மண்ணெண்ணெய் எல்லாம் அதில் ஏறும், சம்பளத்தன்று கோடு கிழியும். பள்ளி விட்டதும் இவன்தான் கல்லாவில் உட்கார்ந்து எழுதுவான். அதாவது எங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் அந்த மாதம் என்ன வாங்கினார்கள், என்ன வாங்க முடியவில்லை என்பது அவனுக்குத் தெரியும். வகுப்பில் எத்தனையோ சண்டை வந்தது. வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்வான், அதை மட்டும் ஒருநாளும் எடுத்ததில்லை.

கடைக்கு வந்த பெண்களிடம் தமிழ் கற்றதால் அவன் பேசும் தமிழ் பெண்கள் தமிழ். கால்பந்துத் திடலில் பந்தைத் தவறவிட்டால் "அடி ஆத்தாடி!" என்று தலையில் கைவைப்பான். எங்களையெல்லாம் "வாடி, போடி" என்றுதான் கூப்பிடுவான். திருத்திப் பார்த்தோம், முடியவில்லை. மற்றப் பள்ளிக் குழுக்கள் வந்தால்தான் எங்களுக்கு மானம் போகும்.

எங்களுக்குத் தமிழ் வகுப்பு வேண்டியிருந்தது. 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் தாய்மொழி வகுப்பு, 1961 கல்விச் சட்டத்தில் அப்படி. நாங்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்த்தது பதினான்கு. மறுநாள் பாரத்தில் பதினைந்தாவது பெயர் இருந்தது. பெற்றோர் கையெழுத்து சீன எழுத்தில். பள்ளி முதல்வர் பட்டியலை மேலிருந்து கீழ் வரை படித்தார், கடைசி வரியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்டாமலே கையெழுத்துப் போட்டார். பையன் பெயருக்குத்தான் வருவான் என்று பார்த்தால் சனிக்கிழமை தவறாமல் வந்து உட்கார்ந்தான். முதல் சில வாரம் தூங்கினான். அப்புறம் எழுதினான். இன்றைக்கு எங்கள் பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகை கைக்குப் போனால், 'மணமகன்' என்பதற்கு எந்த 'ண' என்று அவன்தான் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டுகிறான்.

வகுப்புப் படத்தில் இன்னொருவன் இருக்கிறான். மூன்றாம் படிவத்தில் எஸ்.ஆர்.பி. தேர்வு போய்விட்டதால் படிப்பை நிறுத்திச் செம்பனைக் குலை ஏற்றும் வேலைக்குப் போனவன். காலையில் எங்கள் பள்ளி லாரியும் அவனுடைய டிராக்டரும் சந்திப்பில் கடக்கும், இருபக்கமும் கூச்சல் வானைப் பிளக்கும். 1985இல் படம் எடுக்கும் நாளன்று, தம்பியின் சீருடைச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைசி வரிசையில் வந்து நின்றான். பொத்தான் போட முடியாமல் கையைக் கட்டிக்கொண்டிருப்பான், படத்தில் பார்த்தால் பெரிய வீரன் மாதிரி தெரியும். வகுப்பாசிரியை பார்த்தார். "உயரமா இருக்கறவங்க நடுவுல நில்லுங்க" என்று மட்டும் சொல்லி அவனை நடுவுக்கு நகர்த்தினார். கீழே அச்சிட்ட பெயர்களை எண்ணினால் தலைகளைவிட ஒன்று குறையும்.

அடுத்த மாதம் ஒன்றுகூடல் வைத்திருக்கிறோம். கோல சிலாங்கூரில் சாப்பாடு, இருட்டியதும் கம்போங் குவாந்தானில் மின்மினிப் பூச்சி பார்க்கப் படகு. டிராக்டர்காரன் உட்பட எல்லாரும் வருகிறார்கள். படகுக்காரர் கவனத்துக்கு, வேறு வேறு சட்டையில் வரும் ஒருவரை இரண்டாம் முறை ஏற்றாதீர்கள். இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் வகுப்புத் தோழர்கள் பணத்தை அஞ்சு அஞ்சு அஞ்சிடம் கட்டிவிடுங்கள். அப்புறம் தருகிறேன் என்று சொன்னாலும் பரவாயில்லை, எழுதிக்கொள்வான். மீசை மட்டும் ரொக்கமாகக் கொண்டுவரவும். இரவல் வாங்கிய அழிரப்பர் ஒன்று 1985லிருந்து உன் கணக்குப் பக்கத்தில் நிற்கிறதாம்.

வணக்கம்.